பேராக்கின் நீர்வழிகளும் தெலுக் ஆன்சன் துறையும்

மலாய் மொழியில் கப்பலைக் குறிக்க வழங்கும் சொல் நம் 'கப்பல்' என்னும் சொல்லே. ஒலியில் சிறிது திரிந்து, அஃது இன்றும் மலாய் மக்கள் நாவில் வாழ்கிறது. தமிழர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்தம் சொல் இங்குக் கரையேறிவிட்டது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வந்ததை நம் மேடைகள் அடிக்கடி நினைவூட்டுகின்றன. நினைவூட்ட வேண்டியதுதான். எனினும், அந்தக் கடாரத்துக்குச் சற்றுத் தெற்கே, பேராக் மாநிலத்தின் கடலோரத்தில், நம் பாட்டனும் பூட்டனும் எந்த நீர்வழியாக எந்தத் துறையில் வந்து இறங்கினர் என்று ஒரு வகுப்பறையில் வினவினால் விடை கிடைப்பது அரிது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கலங்கள் நினைவில் நிற்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முந்திய கலங்கள் மறந்துபோயின.

கிடைக்கும் ஒரே விடை 'இரசூலா' என்பதாகும். இரசூலாக் கப்பலின் பெயர் மலேசியத் தமிழர் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்காம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கு வந்துபோன அக்கப்பல், ஐயாயிரம் பேரைத் தளத்தில் சுமக்கவல்ல பெருங்கலமாகும். ஆனால் அது கட்டப்பட்டது 1926-ஆம் ஆண்டில். மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் காளான்போல் முளைத்ததோ 1905-க்கும் 1912-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். அதற்கும் முன்பே, கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் வந்துவிட்டனர். எனவே, பேராக்கின் பழந்தோட்டங்களில் காடழித்த முதல் தலைமுறையினர் இரசூலாவைக் கண்டவர் அல்லர். அவர்களை ஏற்றிவந்த கப்பல்களின் பெயர்கள் குடும்பங்களின் நினைவில் தங்கவில்லை. பினாங்கில் இறங்கிய பின்னர் அவர்களை மீண்டும் ஏற்றிச் சென்ற சிறிய கரையோரக் கப்பல்களைப் பற்றியோ பேச்சே இல்லை. பேராக் மாநிலம் மக்களைப் பெற்ற வரலாற்றின் பெரும்பகுதி அந்தச் சிறு கலங்களில் அடங்கியுள்ளது.

ஊர்ப்பெயர்கள் கூறும் உண்மை

பேராக் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படித்தாலே போதும், இம்மாநிலத்தின் பழைய பெருவழி எதுவென விளங்கிவிடும். கோல குராவ், கோல கூலா, கோல செப்பெத்தாங் என வரும் பெயர்களில் உள்ள 'கோல' என்னும் மலாய்ச் சொல், ஆறு கடலில் கலக்கும் இடத்தை, அதாவது கழிமுகத்தைக் குறிக்கும். ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கூடும் இடத்தையும் அது குறிக்கும். கங்சார் ஆறு பேராக் ஆற்றோடு சேரும் கூடல், கோல கங்சார் எனப்பட்டது. பாகான் செராய், பாகான் டத்தோ என்பவற்றில் உள்ள 'பாகான்' படகுத்துறையாகும். ஈப்போவை அடுத்துள்ள 'பெங்காலான்' என்பதும் படகு அணையும் இடமே. 'தெலுக்' என்பது நீரின் வளைவு. 'தஞ்சோங்' என்பது நீருள் நீண்ட நிலமுனை. கரையில் நடந்துசென்றவன் இட்ட பெயர்கள் அல்ல இவை. படகில் அமர்ந்து கரையை நோக்கியவன் இட்ட பெயர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பேராக்கின் உட்பகுதி அடர்காடு. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள பேராக் ஆறும் அதன் கிளையாறுகளுமே சாலைகளாக விளங்கின. மலாய்ப் பெருமக்கள் கழிமுகத்தில் காவலமைத்து, ஏறியிறங்கும் பொருளுக்குத் தீர்வை வாங்கினர். ஆற்றின் வாயைப் பிடித்தவன் கையில் நாட்டின் வருவாய் இருந்தது. ஈப்போ நகரம் எழுந்த இடமும் தற்செயலாக அமைந்ததன்று. கிந்தா ஆற்றில் சரக்குப் படகுகள் எதுவரை ஏறிவர முடியுமோ அந்த எல்லையில்தான் அவ்வூர் முளைத்தது. ஈயம் படகில் இறங்கியது. அரிசியும் உப்பும் எண்ணெயும் படகில் ஏறின. மலைகள் சூழ்ந்த ஈப்போவை இன்று காண்போர், அதனை ஆற்றுத்துறையாகப் பிறந்த ஊர் என எண்ணிப் பார்ப்பதில்லை.

பேராக் அரசமரபே நீர்வழியாக வந்ததுதான். மலாக்காவின் கடைசிச் சுல்தானாகிய மகமூது சாவின் மைந்தர் முசாபர் சா 1528-இல் இங்கு வந்து முதல் சுல்தானாக அமர்ந்தார். அவர் ஏறிவந்த கலம் பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் தரைதட்டி நின்றதாகவும், சுமையைக் குறைக்கப் பொருள்களைக் கடலில் எறிந்தும் கலம் அசையாமற் போகவே, இறுதியில் தம் முடியையே அவர் கடலில் இட்டதாகவும் மரபுக்கதை கூறும். அந்த மணல்திட்டின் பெயர் 'பெத்திங் பெராஸ் பாசா'. 'பெராஸ் பாசா' என்றால் ஈர அரிசி. புதிதாக முடிசூடும் சுல்தான் அத்திட்டுக்குச் சென்று வருவது பேராக் அரச குடும்பத்தின் வழக்கமாக இருந்து வருகிறது. கதையை அவரவர் விருப்பம்போல் கொள்ளலாம். ஆனால் முகத்துவாரத்தில் மண்திட்டுகள் இருப்பதும், ஓதம் ஏறும்வரை கப்பல்கள் காத்துக்கிடக்க நேர்வதும் கதையல்ல. அரசனுக்கும் கூலிக்கும் அந்தக் காத்திருப்பு ஒன்றே.

ஆங்கிலேயர் வருகையும் அவ்வாறே அமைந்தது. 1874-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை, பங்கோர்த் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'புளூட்டோ' என்னும் நீராவிக் கப்பலில் உருவாயிற்று. பேராக்கின் விதியை மாற்றிய அத்தாள் நிலத்தின்மீது எழுதப்படவில்லை என்பது மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

பினாங்கிலிருந்து தெற்கே

பினாங்குத் துறையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் கரையோரக் கப்பல், ஆழ்கடலுக்குச் செல்லாமல் இடப்புறம் கரையைப் பார்த்தவாறே செல்லும். கரை என்று சொல்வதற்கு மணற்பரப்போ பாறையோ இராது. சேறும், சேற்றில் காலூன்றி நிற்கும் கண்டற்காடுமே கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தெரியும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பாடிய அதே கண்டல்தான். மலாய் மக்கள் அதனைப் 'பாக்காவ்' என்பர். நெய்தற் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவரை ஒருமுறை மாத்தாங் வட்டாரத்துக்கு அழைத்துச் செல்வாராயின், உரையாசிரியர் பல வரிகளில் விளக்கியதை அவர்கள் ஒரு பார்வையில் உணர்ந்துகொள்வர். ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள அக்காடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறையாகப் பேணப்பட்டு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி மீண்டும் வளர்க்கும் அந்த ஒழுங்கை உலகின் பல நாட்டு வனத்துறையினர் வந்து கண்டு செல்கின்றனர். வெட்டிய மரம் கோல செப்பெத்தாங் சூளைகளில் கரியாகிறது.

குராவ், கூலா, செப்பெத்தாங் கழிமுகங்களைக் கடந்தால் அடுத்து வருவது பங்கோர்த் தீவும் லூமுட்டும். தீவுக்கும் தலைநிலத்துக்கும் இடைப்பட்ட குறுகிய நீரிணை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கலங்களுக்கு நல்ல ஒதுக்கிடம். 1670-ஆம் ஆண்டளவிலேயே ஒல்லாந்தர் ஈயவாணிகத்தின் பொருட்டுப் பங்கோரில் கோட்டை கட்டினர். 'டிண்டிங்ஸ்' எனப்பட்ட இப்பகுதியை ஆங்கிலேயர் நீரிணைக் குடியேற்றங்களுடன் சேர்த்து வைத்திருந்து, 1935-இல்தான் பேராக்குக்குத் திருப்பித் தந்தனர். பங்கோர்த் தீவில், சுங்கை பினாங் கெச்சிலில் கடலை நோக்கி நிற்கும் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசிமக விழா சிறப்புற நடைபெற்று வருகிறது. கடலாட்டு விழாவாகிய மாசிமகத்துக்குத் தமிழ்நாட்டில் உள்ள பொருள், இத்தீவில் சிறிதும் குறையவில்லை.

அப்பால் செம்பிலான் தீவுகள். 'செம்பிலான்' என்றால் ஒன்பது. அவற்றைக் கண்டதும் மாலுமி கப்பலைக் கிழக்கே திருப்புவான். பேராக் ஆற்றின் அகன்ற வாய் திறக்கும். கடல்நீரின் பச்சை மறைந்து ஆற்றுநீரின் செம்மண் நிறம் தோன்றும். ஓதத்தோடு உள்நுழைந்து, ஆறு வளைந்து வளைந்து செல்லும் வழியே தானும் வளைந்து, கப்பல் ஒரு பெருவளைவில் வந்து நிற்கும். அந்த வளைவில் அமைந்ததே தெலுக் ஆன்சன்.

இரு துறைகள்

பேராக்கில் ஆங்கிலேயர் வளர்த்த துறைகளுள் போர்ட் வெல்டு, தெலுக் ஆன்சன் ஆகிய இரண்டும் தமிழர் வரலாற்றோடு பின்னியவை. முன்னது, லாரூட் வட்டாரத்து ஈயத்துக்காகத் தோன்றியது. 1840-களின் இறுதியில் லாரூட்டில் ஈயம் காணப்பட்ட பின்னர், ஈயவயலுக்கும் கடலுக்கும் இடையே வழி தேவைப்பட்டது. 1879-இல் இசபெல்லா பேர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் பயணத்தில் வந்து இறங்கிய தெலுக் கெர்த்தாங் என்பதே அக்காலத்துத் துறை. அதற்குப் பதிலாகச் செப்பெத்தாங்கில் புதுத்துறை அமைந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1885-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், தைப்பிங்கிலிருந்து அத்துறைக்கு எட்டு மைல் நீள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இருப்புப்பாதை அதுவே. சதுப்பில் அப்பாதையை இட இலங்கையிலிருந்து 'பயனியர்' படையினர் கொண்டுவரப்பட்டனர். பின்னர் நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழரைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. முழங்காலளவு சேற்றில் நின்று மண் கொட்டியவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

தெலுக் ஆன்சனின் பழம்பெயர் தெலுக் மாக் இந்தான். வாணிகம் செய்து சிறந்த ஒரு மண்டாயிலிங் பெண்மணியின் பெயரால் அமைந்தது அது என்பர். 1882-இல் பினாங்குத் துணை ஆளுநராக இருந்த ஆர்ச்சிபால்டு ஆன்சன் நகரின் தெருவமைப்பை வரைந்தளித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நூறாண்டு கழித்து, 1982-இல், அந்தப் பழம்பெண்மணி தம் ஊரைத் திரும்பப் பெற்றார். நகரம் தெலுக் இந்தான் ஆயிற்று. பழைய தலைமுறைத் தமிழர் பேச்சில் மட்டும் 'ஆன்சன்' நெடுநாள் நிலைத்திருந்தது. 1885-இல் லியோங் சூன் சோங் என்னும் சீனர் கட்டிய கோபுரம், மண்ணின் மென்மையால் ஒருபுறம் சாய்ந்து, இன்று அந்நகரின் அடையாளமாக நிற்கிறது. வெளித்தோற்றத்தில் எட்டு அடுக்கு; உள்ளே மூன்றே அடுக்கு. நகருக்கு நீர் வழங்கவும் நேரம் காட்டவும் எழுந்தது அது.

1893-இல் தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோட்டுக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. 1895-இல் அது ஈப்போவைத் தொட்டது. அன்றுமுதல் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் முழுவதற்கும் தெலுக் ஆன்சன் வாயிலாயிற்று. உலகில் எடுக்கப்பட்ட ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்ற காலம் அது. மலாயாவிலும் கிந்தாவே தலையாயது. கப்பலுக்கும் ஈப்போவுக்கும் இடையே சில மணி நேரமே என்றாகிவிட்டது.

அப்பாதையைப் பற்றிய ஒரு செய்தியைக் கூறாமல் செல்ல இயலாது. 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், தன் கூட்டத்தைக் காக்க முனைந்த ஒரு காட்டு யானை ஓடிவந்த இரயிலை மோதித் தடம்புரளச் செய்து, தானும் உயிர்விட்டது. அது புதைக்கப்பட்ட இடத்தில், நிகழ்ச்சியையும் அதன் காரணத்தையும் பொறித்து ஒரு பலகை நட்டனர். காட்டின் உரிமையாளன் புதிதாக வந்த இரும்பை எதிர்த்த அந்நிகழ்ச்சியில், வெள்ளைக்காரத் துரைமாரும் ஏதோ ஒரு மேன்மையைக் கண்டிருக்கின்றனர். அதே பாதையில் மலேரியாக் காய்ச்சலால் விழுந்த மனிதருக்குத் தனித்தனியே பலகை நட எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

வரவேற்பு என்பது யாருக்கு?

1890-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயரும் தான், லீ குடும்பத்துச் சீன வணிகரும் கூடி 'ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்சிப்' என்னும் கப்பற் குழுமத்தை நிறுவினர். மலாயாவின் மேற்குக்கரைத் துறைகளை ஒன்றோடொன்று இணைத்தது அதுவே. பேராக், கிந்தா, ஈப்போ எனப் பேராக் ஊர்ப்பெயர்களையே தாங்கிய கப்பல்கள் அக்குழுமத்திடம் இருந்தன. மேல்தளத்தில் சில அறைகள். அவற்றில் துரைமாரும் செல்வரும். சாய்வு நாற்காலியும் நேரத்துக்கு உணவும் அவர்களுக்கு உண்டு. அத்தகையோர் எழுதிய பயணக் குறிப்புகளைப் படித்தால், கரையோரப் பயணம் போல இனியது உலகில் வேறில்லை என்றே தோன்றும். கண்டற்காட்டின் அமைதி, கழிமுகத்தின் அந்தி, துறையில் காத்திருக்கும் அதிகாரியின் கைகுலுக்கல், அவர் இல்லத்தின் இரவு விருந்து. அவர்கள் எழுதியது பொய்யன்று. அவர்களுக்கு அத்துறை அவ்வாறே அமைந்தது.

அதே கப்பலின் தளத்தில் இருந்தவருக்கு அப்பயணம் எவ்வாறு அமைந்தது? ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கி, வங்கக்கடலைக் கடந்து, பினாங்கை அடுத்த செரசாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாள்களைக் கழித்து, அதன்பின் பிரித்தெடுக்கப்பட்டு அனுப்பப்பட்டவர் அவர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையோ, இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் ஏற்றுமதியைத் தடைசெய்யும்வரை நீடித்தது. 1907-இல் குடிவரவுக் குழு அமைந்து, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று நிதி திரட்டிய பின்னர், வருபவரின் கப்பற்செலவு அந்நிதியிலிருந்து தரப்பட்டது. கங்காணிக்குத் தலைக்காசு. தலைகளை எண்ணுவது எளிது. ஆகவே ஆவணங்களில் எண்ணிக்கை மிகுதியாகவும் பெயர் குறைவாகவும் காணப்படுகின்றன.

1903-இல் பிறையிலிருந்து தெற்கே சிரம்பான்வரை இருப்புப்பாதை தொடர்ச்சியாக அமைவதற்கு முன், பினாங்கில் இறங்கியவர் கீழ்ப்பேராக் செல்வதற்கு இயல்பான வழி கரையோரக் கப்பலே. ஒருமுறை கடல் கடந்தோம், இனி நிலம் என்று மகிழ்ந்தவரை மீண்டும் கப்பலில் ஏற்றியபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை அறியச் சான்றில்லை. பேராக் ஆற்றின் வளைவில் கப்பல் அணைந்ததும் தோட்டத்து ஆள்கள் பட்டியலோடு நிற்பர். எண்ணி, பிரித்து, தோட்டங்களுக்கு நடத்திச் செல்வர். சிலர் அங்கிருந்து மீண்டும் படகில் ஏறவேண்டும். ஊத்தான் மெலிந்தாங்கை அடுத்த செண்டராத்தாத் தோட்டம் அத்தகையது. 1906-இல் ஆகே வெசுட்டன்ஓல்சு என்னும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் தொடங்கிய அத்தோட்டமே, பிற்காலத்தில் 'யுனைட்டட் பிளாந்தேசன்ஸ்' என வளர்ந்தது. பாகான் டத்தோப் பக்கம் சென்றவருக்குத் தென்னந்தோப்புகள் காத்திருந்தன. காவிரிக் கடைமடையிலிருந்து வந்த ஒருவருக்கு நீரும் சேறும் தென்னையும் புதியனவல்ல. வாய்க்காலைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்திருக்கும். புதியவை, அந்த வாய்க்காலை வெட்டும் கூலிக்கணக்கும், லயத்தின் எட்டடி அறையும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறலாம். தோட்டங்களிலும் இருப்புப்பாதை வேலைகளிலும் ஆள்களை மேற்பார்த்தவருக்குத் 'தண்டல்' என்னும் பெயர் வழங்கிற்று. அதற்கு முன் அச்சொல் கப்பலில் வழங்கியது. மாலுமிக் கூட்டத்தின் தலைவனைக் குறித்தது. கப்பலை விட்டு இறங்கிய மக்களோடு அச்சொல்லும் இறங்கித் தோட்டத்துக்குள் புகுந்துகொண்டது எனலாம். கடலில் பாயை இழுக்க ஆணையிட்டவனும் காட்டில் மண்வெட்டியைத் தூக்க ஆணையிட்டவனும் ஒரே பெயரைப் பெற்றனர்.

எனினும், அந்தத் துறைநகரத்தை வெறும் ஆள்பிடிக் கொட்டகையாக மட்டும் காட்டினால் அதுவும் அரைகுறை வரலாறே ஆகும். இறக்கிவிட்ட நகரத்துக்கே தொழிலாளி சம்பள நாளில் திரும்பி வந்தான். இப்போது அவன் வாங்க வந்தவன். துணிக்கடையிலும் மளிகைக் கடையிலும் அவன் மொழி பேசுவோர் இருந்தனர். ஊருக்குப் பணம் அனுப்பவும் அடகு வைக்கவும் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நகரத்தார் தாம் செல்லும் துறைதோறும் முருகனை உடன் கொண்டுசெல்லும் இயல்பினர். தெலுக் ஆன்சனில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி ஆலயத்தின் சித்திரைப் பருவ விழா, பேராக் தமிழரின் பெருவிழாக்களுள் ஒன்றாக வளர்ந்தது. சுற்றிலும் உள்ள தோட்டங்களிலிருந்து மக்கள் மாட்டுவண்டியிலும் படகிலும் நடந்தும் வந்து திரண்டனர். வட்டிக்கு விட்டவரும் வட்டி கட்டியவரும் ஒரே தேரின் வடத்தைத் தொட்டனர். முதல்நாள் தன்னை எண்ணி வாங்கிய துறையை, இரண்டொரு தலைமுறைக்குள் அம்மக்கள் தம் ஊராக ஆக்கிக்கொண்டனர். வரவேற்பு அவர்களுக்குக் கிடைத்ததன்று. அவர்கள் தாமே உண்டாக்கியது.

தண்டவாளம் வென்ற கதை

துறையின் செல்வாக்குக் குறைந்தது எதனால்? ஆற்றில் சேறு படிந்ததும் ஒரு காரணமே. ஆயினும் முதன்மைக் காரணம் தண்டவாளம். தொடக்கத்தில் போடப்பட்ட பாதைகள் எல்லாம் துறையை நோக்கிச் சென்றவை. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், ஈப்போவிலிருந்து தெலுக் ஆன்சனுக்கும், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கும், சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும் என அவை மேற்கு நோக்கி ஓடின. கப்பலுக்கு ஏவல் செய்வதே அன்று இரயிலின் கடமை. பிறகு வடக்கு தெற்காக நெடும்பாதை அமைந்து அவற்றைக் கோத்தது. 1903-இல் சிரம்பான்வரை வந்த அப்பாதை, 1909-இல் சொகூரின் தென்முனையைத் தொட்டது. 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்காம் ஆழமான துறையாக வளர்ந்தது. ஈப்போவின் ஈயம் நேரே பினாங்கு நோக்கிச் செல்லத் தொடங்கியதும், ஓதம் பார்த்து ஆற்றில் நுழையும் கப்பலுக்காக எவரும் காத்திருக்க வேண்டாமற் போயிற்று.

அந்த நெடும்பாதையில் கட்டை அடுக்கியவர், கல் பரப்பியவர், தண்டவாளம் சுமந்தவர் ஆகியோருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். நீர்வழியாக இந்நாட்டுக்குள் வந்தவரின் கைகளே அந்நீர்வழியை வேண்டாத ஒன்றாக ஆக்கின. பிற்காலத்தில் வந்தவர்கள் பினாங்கிலிருந்து இரயிலேறித் தோட்டம் சேர்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் அறிந்தது இரசூலாவும் இரயிலும் மட்டுமே. கரையோரக் கப்பல் மறக்கப்பட்டதற்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

மறந்தது நாம்தான்; படைத்தலைவர்கள் மறக்கவில்லை. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கம்பாரில் பிரித்தானியப் படையும் இந்தியப் படையும் சப்பானியரைக் கடுமையாக எதிர்த்து நின்றன. நேரே மோதி வெல்வது அரிதாகவே, சப்பானியர் தாம் கொணர்ந்த படகுகளிலும் கைப்பற்றிய சிறு கலங்களிலும் ஆளேற்றிக் கரையோரமாகவே தெற்கே வந்தனர். 1942 சனவரித் தொடக்கத்தில் ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும் இறங்கினர். பின்புறம் அறுபடும் என அஞ்சிய படை கம்பாரைக் கைவிட்டுப் பின்வாங்கிற்று. ஈயத்துக்கும் கூலிக்கும் திறந்த அதே வாயில் படையெடுப்புக்கும் திறந்தது. அதன்பின் நேர்ந்த மூன்றரை ஆண்டுத் துன்பத்தையும், கீழ்ப்பேராக் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர் கதையையும் தனியே எழுதுதல் வேண்டும்.

போருக்குப் பின் சாலையும் லாரியும் எஞ்சியிருந்த சரக்கையும் எடுத்துக்கொண்டன. தெலுக் இந்தானுக்குச் சென்ற கிளைப்பாதையும் போர்ட் வெல்டுப் பாதையும் இன்று இல்லை. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்களின் லயங்கள் வெறுமையாயின. அங்குப் பிறந்தவர்கள் ஈப்போவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்றனர். சித்திரைப் பருவத்துக்கு அவர்கள் தெலுக் இந்தானுக்குத் திரும்பி வருகின்றனர். காரிலும் பேருந்திலும் வந்து, சாய்ந்த கோபுரத்தருகே வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு நடக்கின்றனர். ஆறு சில தெருக்கள் தள்ளி ஓடுகிறது.

போர்ட் வெல்டு மீண்டும் கோல செப்பெத்தாங் ஆகிவிட்டது. இறாலும் மீனும் நண்டும் வந்திறங்கும் சீனர் ஊர் அது. மாலையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகுகள் கழிக்குள் செல்லும். கண்டற்காட்டையும் கழுகுகளையும் இருட்டிய பின் மின்மினிகளையும் காட்டித் திரும்பும். முதல் இருப்புப்பாதையின் நிலையம் இருந்த இடத்தில் அதன் பெயர்ப்பலகை மட்டும் வீடுகளுக்கிடையே இன்னும் நிற்கிறது. 'போர்ட் வெல்டு' என்னும் பெயர் அதில் ஆங்கிலம், சாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. படகேறச் செல்வோர் பலர் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.